மேகம் மறைக்கும் ஈரம்

ஐப்பசி மாதத்தில், மழை இன்னும் இறங்காமல் வானம் மட்டும் மூடிக்கொண்டே இருக்கிற ஒரு நாளில், காலையில் கொடியில் போட்ட வேஷ்டி மாலை வரையில் உலராமல் கனத்துத் தொங்குவதையும், ஜாடியிலுள்ள உப்பு கசிந்து விரலில் ஒட்டுவதையும், பொரித்து வைத்த அப்பளம் சற்று நேரத்துக்குள் நமுத்துப் போவதையும் அனுபவத்தில் கண்டிருக்கிற எவருக்கும், கண்ணுக்குத் தெரியாத நீர் ஒன்று காற்றில் நிறைந்திருக்கிறது என்பதற்கு வேறு சாட்சியம் தேவையில்லை. ஆனால் அந்த நீர் எவ்வளவு, அது எந்த உயரத்தில் எவ்வளவு செறிந்திருக்கிறது, எங்கிருந்து எங்கே பிரயாணம் செய்துகொண்டிருக்கிறது என்று கேட்டால், அதற்கு விடை சொல்வது, ஆகாயத்திற்கு அப்பாலிருந்து பூமியை இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கும் செயற்கைக்கோள்களுக்கும்கூட வெகுகாலம் எளிதாக இருக்கவில்லை. இன்றும் அது முற்றிலும் எளிதாகிவிடவில்லை.

முதலில் ஒரு பேதத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். மேகம் நீராவி அன்று. நீராவி நிறமற்றது, உருவமற்றது, காற்றோடு காற்றாய்க் கலந்து நிற்பது. மேகமோ அந்த ஆவி மேலேறிக் குளிர்ந்து, தூசியின் நுண்துகள்களைப் பற்றிக்கொண்டு, மறுபடியும் நீராக உருவெடுத்த துளிகளின் கூட்டம். மழைக்காலத்தில் வங்கக் கடலின் மேல் நிற்கும் காற்றிலிருந்து ஆவி முழுவதையும் பிழிந்தெடுத்துக் கீழே பரப்ப முடியுமானால், அந்த நீர் 60 மில்லிமீட்டர் உயரம் நிற்கக்கூடும். அதாவது ஒரு சதுர கிலோமீட்டருக்கு 60,000 டன். அதே காற்றில் மிதக்கிற, இன்னும் மழையாக முதிராத சாதாரண மேகத்தின் துளிகள் அனைத்தையும் திரட்டினாலோ அரை மில்லிமீட்டர்கூடத் தேறாது. நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத இந்த நீர், எஞ்சிய தொண்ணூற்றொன்பது பங்கையும் திரை போட்டு மறைத்துவிடுகிறது என்பதுதான் இந்த விஷயத்தின் விசித்திரம்.

இதை அளந்து என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு கிலோகிராம் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 25 லட்சம் ஜூல் உஷ்ணம் செலவாகிறது. சூரியன் கொடுத்த அந்த உஷ்ணம் அழிந்து போவதில்லை. ஆவிக்குள் மறைந்திருந்து, பல நூறு கிலோமீட்டர் காற்றோடு சென்று, ஆவி மீண்டும் துளியாகும் இடத்தில் வெளிப்பட்டு, அங்குள்ள காற்றைச் சூடாக்கி மேலே தூக்குகிறது. புயல் என்பது இந்த உஷ்ணத்தால் இயங்கும் யந்திரமே. ஆகவே நாளைய மழையைச் சொல்ல விரும்புகிறவன் இன்றைய மேகத்தைப் பார்த்தால் மட்டும் போதாது. மேகத்துக்கு உணவாகிற ஆவியை அளந்தாக வேண்டும். பூமி முழுவதும் சராசரி எடுத்தால் காற்றிலுள்ள ஆவி 25 மில்லிமீட்டர் நீருக்குச் சமம். அது ஒன்பது நாட்களுக்கு ஒருமுறை மழையாய் இறங்கிப் புதிதாய் ஏறிக்கொண்டிருக்கிறது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் அது தாங்கக்கூடிய ஆவி சுமார் 7 சதவீதம் கூடுகிறது என்பதையும், ஆவியே உஷ்ணத்தைப் பிடித்துவைக்கும் வாயுக்களில் முதன்மையானது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், நாளைய மழையோடு அடுத்த நூற்றாண்டின் வெப்பமும் இந்தக் கணக்கில் அடங்கியிருப்பது விளங்கும்.

பழைய வழி பலூன். சென்னை மீனம்பாக்கத்திலும் உலகமெங்கும் பல நூறு நிலையங்களிலும், நாளொன்றுக்கு இருமுறை, ரேடியோசாண்ட் என்னும் சிறு கருவியைத் தொங்கவிட்ட பலூன் ஒன்று மேலேறி, தான் கடந்துசெல்லும் காற்றின் வெப்பத்தையும் ஈரத்தையும் ரேடியோவில் சொல்லிக்கொண்டே போகிறது. மேகத்துக்குள்ளும் அது நுழையும். அதன் சாட்சியம் பிரத்தியட்சமானது. ஆயினும் ஒரு பலூனுக்கும் அடுத்ததற்கும் இடையே பன்னிரண்டு மணி நேரம்; ஒரு நிலையத்துக்கும் மற்றொன்றுக்கும் இடையே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர்; சமுத்திரத்தின் மேலோ, ஆவியின் பெரும்பகுதி பிறக்கிற அந்த மகா பிரதேசத்தின் மேலோ, பலூன் விடுவதற்கு ஆளே இல்லை. அதனால்தான் அளவுகோலை ஆகாயத்துக்கு மேலே ஏற்ற வேண்டியதாயிற்று.

மேலே ஏற்றிய முதல் கண்கள் அகச்சிவப்புக் கதிரைப் பார்ப்பவை. லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஜான் டிண்டால் என்னும் பேரறிஞர், 1859-ஆம் ஆண்டில் தொடங்கிய பரிசோதனைகளில், கண்ணுக்குத் தெளிந்த காற்றாய்த் தோன்றும் நீராவி, உஷ்ணக் கதிர்களைக் கடுமையாய் உறிஞ்சிக்கொள்கிறது என்று நிரூபித்தார். உறிஞ்சுகிற பொருள் உமிழவும் செய்யும். ஆகவே ஆறு, ஏழு மைக்ரான் அலைநீளத்தில் பூமியைப் பார்க்கும் கருவிக்கு நிலமும் தெரியாது, கடலும் தெரியாது. வானத்தின் நடு உயரத்திலும் மேல் உயரத்திலும் ஓடுகிற ஆவியின் வெள்ளங்கள் மட்டும் தெரியும். 1999-இல் சென்ற இன்சாட்-2இ-யும், 2002-இல் சென்று பிறகு கல்பனா சாவ்லாவின் ஞாபகார்த்தமாகப் பெயர் மாற்றப்பட்ட கல்பனா-1-உம் இத்தகைய நீராவிப் படங்களை நமக்கு அனுப்பின. 2013 ஜூலையில் ஏறிய இன்சாட்-3டி, பத்தொன்பது அலைவரிசைகளுள்ள ஓர் ஆழமானியையும் சேர்த்துக் கொண்டுசென்று, ஈரத்தை அடுக்கடுக்காய்ப் பிரித்துச் சொல்லத் தொடங்கியது. 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரே இடத்தில் நிலைத்து நின்று, நம் நாட்டின் மேலிருந்து கண்ணை எடுக்காமல் பார்க்கிற சௌகரியம் வேறு எந்த வழியிலும் இல்லை.

குறை ஒன்றுதான், அது பெருங்குறை. மேகத்துளியின் அளவு சுமார் பத்து, இருபது மைக்ரான். அகச்சிவப்புக் கதிரின் அலைநீளமும் ஏறத்தாழ அந்தப் படியிலேயே இருப்பதால், துளிகளின் மெல்லிய அடுக்கு ஒன்றே கதிரை முழுவதும் விழுங்கிவிடப் போதுமானது. செயற்கைக்கோள் பார்ப்பதெல்லாம் மேகத்தின் முதுகை. அதன் கீழே கிடக்கிற ஈரம் கருவியைப் பொறுத்தவரை இல்லாத பொருளே. எந்த நேரத்தில் பார்த்தாலும் பூமியின் மூன்றில் இரண்டு பங்கை மேகம் மூடியிருக்கிறது என்பதை நினைத்தால் நஷ்டத்தின் அளவு புரியும். தொலைக்காட்சியில் வங்கக் கடலின் மேல் பஞ்சுப் பொதிபோலத் திரண்ட வெண்மையைக் காட்டும்போது, செயற்கைக்கோள் அனைத்தையும் கண்டுவிட்டது என்று நாம் நினைக்கிறோம்; உண்மையில் அந்த வெண்மை, கருவியின் பார்வை முடிந்துபோன இடம்.

நஷ்டம் வெறும் பரப்பளவைப் பொறுத்ததாக இருந்தால் பாதகமில்லை என்று சொல்லிவிடலாம். ஊரில் தானியம் எவ்வளவு இருக்கிறது என்று கணக்கெடுக்க வந்த அதிகாரி ஒருவர், கதவு திறந்திருந்த வீடுகளில் மட்டும் விசாரித்து, பூட்டிய வீடுகளையெல்லாம் விட்டுவிட்டு, சராசரி போட்டுச் சர்க்காருக்கு அனுப்பினார் என்று வைத்துக்கொள்வோம். தானியம் உள்ளவர்களே கதவைப் பூட்டிக்கொள்கிற ஊரில் அந்தக் கணக்கு எப்படியிருக்கும்? ஆகாயத்தின் கதை அதுவே. காற்று நிறைந்த ஈரம் பெற்ற இடத்தில்தான் மேகம் கட்டுகிறது. ஆகவே மேகமில்லாத இடங்களை மட்டும் அளந்து போட்ட சராசரி, உள்ளதைவிட வறண்ட ஒரு பூமியை நமக்குக் காட்டுகிறது. ஒருநாள் பிழையாயின் மறுநாள் திருத்தலாம். ஆனால் இது எந்நாளும் ஒரே திசையில் சாய்ந்துநிற்கும் பிழை. ஆயிரம் நாட்களைச் சேர்த்தாலும் கரையாத பிழை. இவ்விஷயத்தில் எல்லாவற்றிலும் முக்கியமானது இதுவென்றே நான் கருதுகிறேன். எந்த இடத்தில் ஈரத்தைப் பற்றிய ஞானம் நமக்கு உயிருக்குச் சமானமாகத் தேவைப்படுகிறதோ, அந்த இடமே நமக்கு இருண்டு கிடந்தது.

அகச்சிவப்பைக் கைவிடாமலேயே திரையை விலக்க முடியுமா என்று முயன்றவர்கள் இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த மூஸ்தஃபா ஷஹீன் முதலானோர் வகுத்த உபாயம் மிக அழகானது. அடுத்தடுத்த இரண்டு இடங்களில் ஒன்றில் மேகம் அதிகமாகவும் மற்றொன்றில் குறைவாகவும் இருந்து, அவற்றின் கீழிருக்கும் காற்று ஏறத்தாழ ஒன்றேயானால், இரண்டு பார்வைகளின் வித்தியாசம் முழுவதும் மேகத்தால் வந்ததாகத்தான் இருக்க வேண்டும். அந்த வித்தியாசத்தை அதே திசையில் நீட்டிக்கொண்டு போனால், மேகமே இல்லாதிருந்தால் என்ன தெரிந்திருக்குமோ அதைக் கணித்துவிடலாம். 2002 மே மாதம் ஏறிய அக்வா செயற்கைக்கோளின் ஏர்ஸ் என்னும் கருவி, 2,378 அலைவரிசைகளைக் கொண்டு, ஒன்பது ஒன்பது பார்வைகளாகத் தொகுத்து, நுண்ணலைக் கருவி ஒன்றின் துணையோடு இந்தக் கணிதத்தை ஆண்டுக்கணக்கில் செய்துவந்தது. உடைந்த மேகங்களுக்கு இது உதவும். கார்த்திகை மாதத்து மழையில் இடைவெளியே இல்லாமல் விரிந்த ஒரே கூரைக்கு முன்னே, இடைவெளிகளை நம்பிய உபாயம் என்ன செய்யும்?

அந்தக் கூரையை ஊடுருவ வேறு அலை வேண்டும். அந்த அலையின் கதை யுத்தகாலத்தில் ஆரம்பிக்கிறது. இரண்டாம் உலக யுத்தத்தின் பிற்பகுதியில் ரேடார் நிபுணர்கள், அலைநீளத்தைக் குறைக்கக் குறைக்கப் படம் கூர்மையாகும் என்ற நியாயத்தை நம்பி, 1.25 சென்டிமீட்டர் அலையில் வேலை செய்யும் ரேடாரைக் கட்டினார்கள். அமெரிக்கப் பௌதிக அறிஞர் வான் விளெக், நீர் மூலக்கூறு ஏறத்தாழ அந்த அலையைத்தான் உறிஞ்சும் என்று கணித்து எச்சரித்திருந்தார். ஈரமான காற்றில் ரேடாரின் எட்டும் தூரம் குறைந்தபோது அந்த எச்சரிக்கை பலித்தது. உறிஞ்சுதலின் அளவை நேரில் காண, ராபர்ட் டிக்கே என்ற இளைஞர், ஆகாயத்திலிருந்து தானாக வருகிற மிக மெல்லிய நுண்ணலை உமிழ்வையும் அளக்கவல்ல ரேடியோமீட்டர் ஒன்றை உருவாக்கி, 1945-இல் புளோரிடாவின் ஈரமான வானத்தை நோக்கித் திருப்பினார். ரேடாருக்கு விரோதியாக வந்த அந்த உறிஞ்சுதல், 22.235 கிகாஹெர்ட்ஸ், அதாவது 1.35 சென்டிமீட்டர் அலையில் உச்சம் பெறுகிறது. பிரபஞ்சத்தின் ஆதி ஒளியைத் தேடும் பிற்காலத்து ஆராய்ச்சியிலும் அதே டிக்கேயின் பெயரும் அதே வகைக் கருவியும் வருவதை வாசகர்கள் அறிந்திருக்கலாம். கதிரை அளக்கும் நேர்மையான கருவி ஒன்று எத்தனை வாசல்களைத் திறந்துவிடுகிறது!

1.35 சென்டிமீட்டர் அலைக்குப் பத்து மைக்ரான் துளி ஒரு பொருட்டல்ல. அலை துளியைவிட ஆயிரம் மடங்கு பெரியது. கடலலை மணலைத் தாண்டிப் போவது போல அது மேகத்தைத் தாண்டிப் போகிறது. சோவியத் நாடு 1968-இல் அனுப்பிய காஸ்மாஸ்-243 இந்த அலையில் பூமியைப் பார்த்து, சமுத்திரங்களின் மேலுள்ள ஆவியை முதன்முதலாகச் செயற்கைக்கோளிலிருந்து நுண்ணலையில் அளந்தது. 1972-இல் அமெரிக்காவின் நிம்பஸ்-5 தொடர்ந்தது. இங்கே நம்மவர்கள் மறந்துவிட்ட ஒரு பெருமை உண்டு. 1979 ஜூன் 7-ஆம் தேதியும் 1981 நவம்பர் 20-ஆம் தேதியும் சோவியத் மண்ணிலுள்ள காபுஸ்தின் யாரிலிருந்து ஏறிய பாஸ்கரா-1, பாஸ்கரா-2 என்னும் நம் நாட்டுச் செயற்கைக்கோள்கள் இரண்டிலும், சமீர் என்று பெயரிட்ட நுண்ணலை ரேடியோமீட்டர் இருந்தது. சமீர் என்றால் காற்று. 19, 22 கிகாஹெர்ட்ஸில் தொடங்கி, இரண்டாவது கோளில் 31 கிகாஹெர்ட்ஸையும் சேர்த்துக்கொண்டு, அது நம் சமுத்திரத்தின் மேலிருந்த ஆவியையும் மேகநீரையும் அளந்தது. நம்மிடம் அப்போது சொந்தமாக வானிலைப் படம் எடுக்கும் செயற்கைக்கோளே கிடையாது. வானிலைப் படம் எடுக்கக் கற்பதற்கு முன்பே மேகத்தை ஊடுருவிப் பார்க்கக் கற்றுக்கொள்ள விரும்பியவர்களின் துணிவை இன்று நினைத்தாலும் நெஞ்சு நிறைகிறது.

ஒன்றுக்கு மேற்பட்ட அலைவரிசை ஏன் என்பதில்தான் சூட்சுமம். மேகநீரும் நுண்ணலையைச் சிறிது உமிழும். ஆவி உமிழ்ந்ததையும் அதையும் எப்படிப் பிரிப்பது? ஆவியின் உமிழ்வு 22-இல் உச்சமடைந்து 31-இல் தணிகிறது. மேகநீரின் உமிழ்வோ அதிர்வெண் ஏற ஏறச் சீராக ஏறிக்கொண்டே போகிறது. இரண்டு அளவுகள், தெரியாத பொருள்கள் இரண்டு. பள்ளிக்கூடத்தில் நாம் போட்ட இருமாறிச் சமன்பாடுதான். கடல்நீர் நுண்ணலையில் பாதியளவே ஒளிரும் குளிர்ந்த பின்னணியாக இருப்பதால் அதன்மேல் ஆவியின் ஒளி பளிச்சென்று தெரிகிறது. தரையின் மேல் வந்தால் சித்திரம் மாறிவிடுகிறது. தரை தானே மிகுதியாய் ஒளிர்வதால், வெள்ளைச் சுவரில் சுண்ணாம்பால் எழுதியது போல ஆவி மறைந்துபோகிறது. 1987-லிருந்து அமெரிக்க ராணுவ வானிலைக் கோள்கள் கடலின் மேல் இந்த அளவை இடைவிடாமல் எடுத்துவந்து, சமுத்திரங்களின் மேலுள்ள ஆவி பத்தாண்டுக்குச் சுமார் ஒரு சதவீதம் கூடிவருகிறது என்ற கவலைக்குரிய உண்மையையும் நமக்குத் தந்திருக்கின்றன.

தரையின் மேலும் பார்க்க வேண்டும், அடுக்கடுக்காயும் பார்க்க வேண்டும் என்றால் நீரின் மற்றொரு உறிஞ்சு வரிக்குப் போக வேண்டும்: 183.31 கிகாஹெர்ட்ஸ். இங்கே ஆவி அவ்வளவு வலிமையாய் உறிஞ்சுவதால் வெப்பமண்டலத்து ஈரக்காற்றில் தரையே தெரியாது. தரை எப்படி ஒளிர்ந்தால் என்ன? வரியின் நடுவில் பார்த்தால் மேல் உயரத்து ஆவியோடு பார்வை நின்றுவிடும். நடுவிலிருந்து சற்று விலகிப் பார்த்தால் இன்னும் கீழே இறங்கும். மேலும் விலகினால் தரைக்குச் சில கிலோமீட்டர் உயரம் வரை செல்லும். ஒரே குளத்தை, மிகக் கலங்கியபோது ஒருமுறையும், சற்றுத் தெளிந்தபோது ஒருமுறையும், நன்றாகத் தெளிந்தபோது ஒருமுறையும் எட்டிப் பார்த்து, அதன் ஆழம் முழுவதையும் மனத்தில் வரைந்துகொள்வது போன்ற வித்தை இது. இதில் ஒரு வினோதமும் உண்டு. மேலே ஈரம் மிகுந்திருந்தால் கருவி குளிரைப் பார்க்கும். ஏனெனில் அதன் பார்வை உயரத்துக் குளிர்ந்த ஆவியிலேயே முட்டி நின்றுவிடும். மேலே வறண்டிருந்தால் பார்வை கீழேயுள்ள வெதுவெதுப்பான அடுக்குக்கு இறங்கிச் சூட்டைப் பார்க்கும். குளிர்ந்து தோன்றுவது ஈரம், சூடாய்த் தோன்றுவது வறட்சி என்று நிபுணர்கள் அந்தப் படத்தைப் படிக்கிறார்கள்.

இந்த வரியில் ஆறு அலைவரிசைகளை வைத்து, வெப்பமண்டலத்துக்கென்றே கட்டிய கருவி ஒன்றை ஏற்றிச்சென்ற கோளுக்கு மேகா-டிராபிக் என்று பெயர். மேகத்துக்கு வடமொழிச் சொல், வெப்பமண்டலத்துக்குப் பிரெஞ்சுச் சொல். இந்திய விண்வெளி நிறுவனமும் பிரான்ஸின் விண்வெளி நிறுவனமும் கூடிச் செய்த அந்தக் கோள், 2011 அக்டோபர் 12 அன்று காலை 11 மணிக்கு, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் கிளம்பியது. காட்டாங்குளத்தூரில் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழக மாணவர்களும் ஆசிரியர்களும் கட்டிய, பதினோரு கிலோ எடைகூட இல்லாத, கரியமில வாயுவையும் நீராவியையும் கவனிப்பதற்கென்றே அமைத்த சிறு கோள் ஒன்றும் அதே ராக்கெட்டில் பிரயாணம் செய்தது. தாழ்வான பாதையில் செல்லும் மற்ற வானிலைக் கோள்கள் பெரும்பாலும் துருவத்திலிருந்து துருவத்துக்கு ஓடி, வெப்பமண்டலத்து ஊர் ஒன்றை நாளைக்கு இருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போகின்றன. மேகா-டிராபிக்கோ பூமத்திய ரேகைக்கு 20 டிகிரி மட்டும் சாய்ந்து, 867 கிலோமீட்டர் உயரத்தில், பூமியின் இடுப்பைச் சுற்றி ஒட்டியாணம் போல ஓடியது; சென்னையையொத்த அட்சரேகையிலுள்ள ஓர் ஊர் அதன் பார்வையில் ஒரே நாளில் நான்கைந்து முறை விழுந்தது. காலையில் பிறந்து மாலையில் பொழிந்து இரவில் அழியும் மேகங்கள் நிறைந்த நம் பிரதேசத்துக்கு, துருவத்துக்கு ஓடும் கோள்களைவிட இந்த ஒட்டியாணப் பாதையே உகந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அதிலிருந்த முக்கியமான கருவிகளில் ஒன்றின் பெயர் மெட்ராஸ். மழையையும் காற்றுமண்டலத்தின் அமைப்பையும் நுண்ணலையில் ஆராய்வது என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்து அமைந்த அந்தப் பெயரைக் கேட்டு நம்மவர்கள் மகிழ்ந்தது நியாயமே. ஆனால் மெட்ராஸின் சுழலும் பாகத்தில் கோளாறு ஏற்பட்டு, 2013 ஜனவரியில் அது நின்றுவிட்டது. மழையையும் மேகநீரையும் ஆவியையும் ஒரே பார்வையில் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டிய கருவியை ஓராண்டு சில மாதங்களிலேயே இழந்தது பெரிய துரதிருஷ்டம். நீலக்கல்லின் பிரெஞ்சுப் பெயரைத் தாங்கிய ஸஃபீர் என்னும் ஈரமானிதான் அந்தக் கோளின் மானத்தைக் காத்தது. பத்துக் கிலோமீட்டர் அகலமுள்ள புள்ளிகளாக, 183 கிகாஹெர்ட்ஸ் வரியைச் சுற்றிய ஆறு பார்வைகளில், மூன்றாண்டு வேலைக்கென்று திட்டமிட்ட அந்தக் கோள் அதைத் தாண்டிப் பல ஆண்டுகள் தொடர்ந்து அளவுகளை அனுப்பியது. நொய்டாவிலுள்ள நம் வானிலைக் கணிப்பு மையமும் ஐரோப்பிய மையங்களும் அவற்றைத் தம் கணக்கில் சேர்த்துக்கொண்டன. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பெய்த 2015 டிசம்பர் முதல் தேதி, நம் ஊரைப் புதைத்திருந்த மேகத்தின் கீழே அகச்சிவப்புக் கண்கள் எதையும் காண இயலாத வேளையிலும், இந்தச் சிறு கருவி உழைத்துக்கொண்டிருந்த காலமே. 2023 மார்ச் 7 அன்று, மிஞ்சிய எரிபொருளைக் கொண்டே கோளைக் கீழிறக்கி, பசிபிக் சமுத்திரத்தின் மேல் காற்றில் எரிந்துபோகச் செய்தார்கள்.

நுண்ணலையை வானளாவப் புகழ்ந்துவிடக் கூடாது. 183 கிகாஹெர்ட்ஸின் அலைநீளம் 1.6 மில்லிமீட்டர்தான், இடிமேகத்தின் உச்சியில் திரளும் பனிக்கட்டித் துகள்கள் அந்த அளவை நெருங்கிவிடுவதால், அலை அங்கே சிதறி, கருவிக்கு வெறும் குளிரே காட்டப்படுகிறது. கொட்டுகிற கனமழை நடுவே 22 கிகாஹெர்ட்ஸின் சமன்பாடும் குலைந்துவிடும். இன்னொன்று, தூரம். 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிலைத்துநின்று 183 கிகாஹெர்ட்ஸில் பத்துக் கிலோமீட்டர் புள்ளியைப் பிரித்துக் காண, ஆறு மீட்டருக்கு மேல் அகலமுள்ள அலைவாங்கித் தட்டு வேண்டியிருக்கும். 22-க்கோ ஐம்பது மீட்டர் போதாது. அதனால் மேகத்தை ஊடுருவும் கண் தாழ்வான பாதையில் ஓடிக்கொண்டே இருக்கிறது. நிலைத்து நிற்கும் கண் மேகத்தின் முதுகைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. 2023 மே மாதத்தில் அமெரிக்கர்கள் டிராபிக்ஸ் என்ற பெயரில் நான்கு சிறு நுண்ணலைக் கோள்களை வெப்பமண்டலப் பாதையில் ஏற்றியது, ஒன்று ஓடி மறைவதற்குள் மற்றொன்று வந்து சேரட்டும் என்ற எண்ணத்தினாலேயே.

முற்றிலும் வேறான ஒரு வழியும் இருக்கிறது. வழிகாட்டும் ஜி.பி.எஸ். கோளின் சமிக்ஞை, சுமார் இருபது சென்டிமீட்டர் அலையில் வருவதால், மேகத்தையோ மழையையோ சற்றும் லட்சியம் செய்வதில்லை. ஆனால் ஆவி நிறைந்த காற்றில் சிறிது தாமதிக்கிறது, சிறிது வளைகிறது. தலைக்கு நேர்மேலே 60 மில்லிமீட்டர் ஆவி இருந்தால், தரையிலுள்ள அலைவாங்கிக்குச் சமிக்ஞை ஏறத்தாழ நாற்பது சென்டிமீட்டர் அதிக தூரம் வந்ததுபோலத் தோன்றும். நில அளவையாளர்களுக்குப் பிழையாய் வந்து தொல்லை கொடுத்த அந்த நாற்பது சென்டிமீட்டரை, 1990-களின் தொடக்கத்தில் வானிலை அறிஞர்கள் அளவாக ஏற்றுக்கொண்டார்கள். தாழ்வான பாதையில் ஓடும் மற்றொரு கோளிலிருந்து, அடிவானத்தில் மறையப்போகும் ஜி.பி.எஸ். கோளின் சமிக்ஞை எவ்வளவு வளைகிறது என்று பார்த்தால் உயரவாரியான கணக்கும் கிடைக்கிறது. 2019 ஜூன் மாதம் தைவானும் அமெரிக்காவும் சேர்ந்து ஏற்றிய காஸ்மிக்-2 என்னும் ஆறு கோள்கள் வெப்பமண்டலத்தில் இதைச் செய்கின்றன. மேகா-டிராபிக்கிலும் ரோசா என்ற பெயரில் இத்தகைய கருவி ஒன்று இருந்தது.

கருவிகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் பாதி உண்மைதான் சொன்னதாகும். பல ஆண்டுகள், நுண்ணலை அளவுகள் கையில் இருந்தும், மேகமும் மழையும் தென்பட்ட இடத்து அளவுகளைக் கணிப்பு மையங்கள் எடுத்து எறிந்துகொண்டிருந்தன. அதைச் சோம்பல் என்று சொல்வது அநியாயம். அளவைக் கணக்கில் சேர்க்க வேண்டுமானால், இந்த மேகம் இந்த அலையில் எப்படித் தோன்றும் என்று முன்கூட்டிச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். கணக்கில் மழை வடக்கே பெய்து, உண்மையில் ஐம்பது கிலோமீட்டர் தெற்கே பெய்தால், ஒப்பிடும் இடம் இரண்டிலும் பிழை வரும். தெரியாததைத் தெரிந்ததுபோலக் கலந்துவிடாமல் ஒதுக்கி வைத்தது விஞ்ஞான நேர்மையே. ஆயினும் ஒதுக்கியவை, பூட்டிய வீடுகளாயிற்றே! இங்கிலாந்தின் ரெடிங் நகரத்திலுள்ள ஐரோப்பிய வானிலைக் கணிப்பு மையத்தில், தெளிந்த வானத்துக்கு ஒரு நியாயம், மேகத்துக்கு ஒரு நியாயம் என்றில்லாமல், எல்லா வானத்தையும் ஒரே முறையில் ஏற்கும் கணிதத்தைப் பொறுமையாய் வளர்த்து, 2009 மார்ச்சில் நுண்ணலைப் படங்களுக்கு அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். பின்னர் 183 கிகாஹெர்ட்ஸ் ஈரமானிகளுக்கும், ஸஃபீருக்கும் விரித்தார்கள். எவ்வளவு பிழையை எதிர்பார்க்கலாம் என்பதை மேகத்தின் அளவுக்குத் தக்கபடி மாற்றிக்கொள்வதே அதன் அடிப்படை: மேகமில்லாத இடத்து அளவை முழுவதும் நம்பு, மேகமுள்ள இடத்து அளவைக் குறைத்து நம்பு, ஆனால் நம்பாமல் விடாதே. அதன் பயன் ஈரத்தோடு நிற்கவில்லை. அடுத்தடுத்த மணிகளில் ஈரமும் மேகமும் இடம் மாறியதைப் பார்க்கும் கணிதம், அவற்றைத் தள்ளிச்சென்ற காற்று எத்திசையில் எவ்வேகத்தில் வீசியிருக்க வேண்டும் என்பதையும் தானே திருத்திக்கொள்கிறது. இடையூறென்று எறிந்த மேகம், காற்றின் திசையைச் சொல்லும் சாட்சியாயிற்று.

ஆவியோ மேகத்தின் மேலும் கீழும் மட்டுமன்றி அதன் உள்ளேயும் இருக்கிறது. அங்கே அடுக்கடுக்காய் அளப்பதுதான் எஞ்சியிருக்கும் கடினமான காரியம். இதற்காக ஜெட் புரொபல்ஷன் ஆய்வுக்கூடத்தில் ஒரு ரேடாரைக் கட்டியிருக்கிறார்கள். 170 கிகாஹெர்ட்ஸையொட்டிய அலைகளில், ஆவி அதிகம் உறிஞ்சும் அலை ஒன்றையும் குறைவாக உறிஞ்சும் அலை ஒன்றையும் அது மேகத்துக்குள் அனுப்புகிறது. இரண்டும் அதே துளிகளில் பட்டு அதே தூரம் திரும்பி வருகின்றன. ஒன்று மட்டும் வழியில் சற்று அதிகமாய்த் தேய்ந்திருக்கும். அந்தத் தேய்வின் வித்தியாசமே, மேகத்துக்குள் அந்த ஆழத்துக்கும் அடுத்த ஆழத்துக்கும் இடையே இருக்கிற ஆவி. மேகமில்லாவிட்டால் அந்த ரேடாருக்கு எதிரொலியே கிடையாது. துளிகள் இருந்தால்தான் அதற்குக் கண். விமானத்தில் ஏற்றி, மேகங்களின் மேல் பறக்கவிட்டு, கீழே விழும் ரேடியோசாண்டுகளின் அளவோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். செயற்கைக்கோளின் உயரத்துக்கு அது இன்னும் ஏறவில்லை.